பயனில் புதையல்

புதையல் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, பொற்காசு நிறைந்த செப்புக்குடமும் அதனைக் காக்கும் பூதமும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. யான் ஈண்டுக் கூறப்புகும் புதையலோ ஒரு கரிய பிளாஸ்டிக் வாளி. அதனுள் இருந்தவை சில நூல்கள், ஒரு கவண், டப்பியிலடைத்த அவரை முதலியன. இவற்றைத் தேடி அறிவுடையோர் காடு புகுந்தனர் எனின் நகையாதார் யார்? நகைப்பதற்கு முன் சிறிது பொறுத்தருளுமாறு நண்பர்களை வேண்டுகின்றேன்.

வானிற் சுழலும் துணைக்கோள்களின் வாயிலாக இடங்காட்டுங் கருவி, பொதுமக்கள் கையில் ஏறத்தாழ 100 மீட்டர் பிழைபடக் காட்டிவந்தது. அப்பிழை அமெரிக்க அரசாங்கத்தார் படைத்துறை நலங்கருதி வேண்டுமென்றே புகுத்தியதாகும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அவர்கள் அதனை நீக்கவே, பிழை 20 மீட்டர் அளவிற்குக் குறைந்தது. அதனைச் சோதிக்க விரும்பிய டேவ் உல்மர் என்பார், மே 3-ஆம் நாள் ஆரிகன் மாகாணத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகே மேற்கூறிய வாளியைப் பாதி புதைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அளவுகளை உலகறிய வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுவிட்டனர். ஒன்றை எடுப்பவர் ஒன்றை வைத்தல் வேண்டும், உள்ளிருக்கும் ஏட்டிற் பெயரெழுதுதல் வேண்டும், விதி இவ்வளவே. அவ்வாண்டிலேயே ஜியோகேச்சிங் எனப் பெயர்பெற்ற இவ்விளையாட்டில் இன்று மறைந்துகிடக்கும் பெட்டிகள் 30 இலட்சத்திற்கு மேற்பட்டன.

இது முற்றிலும் புதிதுமன்று. இங்கிலாந்தில் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் சதுப்புகளுக்கிடையே கிரான்மியர் குளம் என ஓரிடம் உண்டு. பெயர்தான் குளம், நீரைக் காண்டல் அரிது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி அங்கு ஒரு புட்டியை வைத்தார். கால்நோவ நடந்து சென்றடைந்தோர் தம் பெயர்ச்சீட்டினை அதனுள் இட்டு மீண்டனர்.

கருவியே வழிகாட்டுமாயின் மனிதனுக்கு முயற்சி யாது என வினவுவர் சிலர். கருவி சில மீட்டர் தொலைவிற் கொண்டுவந்து விட்டுவிடும்; எஞ்சியது கண்ணின் தொழில். கல்லின் அடியிலோ, மரப்பொந்திலோ, இரும்புவேலியின் பின்னே காந்தத்தாற் பற்றிக்கொண்டோ பெட்டி இருத்தல் கூடும். நாடோறும் நாம் நடக்கும் வழியில் ஒரு மரத்திற்குப் பொந்துண்டா என்பதை நம்மிற் பலர் அறியோம். பெட்டியைத் தேடுபவன் அதனை அறிவான். யான் ஒருமுறை இரண்டு நாழிகை தேடியும் காணாது மீண்டவன். எனினும் அவ்விடத்துக் கற்களை இன்றுவரை மறந்திலேன்.

பொருளின் இழிவைச் சுட்டி இகழ்வாருக்கு யான் கூறுவது வேறு. வாளியினுள் பொன் இருந்திருப்பின் முதலிற் கண்டவனே யாவற்றையும் கொண்டேகியிருப்பான். அத்துடன் ஆட்டமும் ஒழிந்திருக்கும். மதிப்பற்ற பொருளாகலின் காவலின்றிக் கிடக்கின்றது. வருகின்றவன் தனக்குப்பின் வருபவனை எண்ணி மூடியைச் செவ்வனே மூடிச் செல்லுகின்றான். முகமறியாதார் ஒருவரையொருவர் நம்பும் இவ்வழக்கம் எளிதிற் கிடைப்பதன்று.

ஆயினும் ஒளிப்பவரிடத்து எனக்குச் சினமுண்டு. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் கடைத்தெருவில் வைத்த சிறு பெட்டியொன்றை வெடிகுண்டென ஐயுற்றுத் தெருவை அடைத்து, படைவீரர் அதனை வெடிக்கச்செய்து அழித்தனர். கடைக்காரர் செய்த பிழை யாது? காட்டிலும் இவ்வாறே: ஒருவர் நடந்த தடத்திற் பலர் நடக்கச் செடிகள் மிதியுண்டு, புதிய பாதையே உண்டாகிவிடும். அமெரிக்க நாட்டுப் பூங்காக்களில் உத்தரவின்றிப் பெட்டி வைத்தலாகாது எனத் தடுத்திருப்பது கொடுமையன்று; தக்கதே.

2004 முதல் எர்த்கேஷ் என ஒருவகை நடைபெறுகின்றது. அதிற் பெட்டியே இல்லை. குறித்த இடத்தை அடைந்து, அங்குள்ள பாறை எவ்வாறு உண்டாயிற்று என்பன போன்ற வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். அருஞ்செடிகள் வளரும் மலைப்புறங்களில் இவ்வகையே போதும் என்பது என் கருத்து. மூடியைத் திறக்கும் இன்பம் இதில் இல்லையென நண்பர்கள் முறையிடுவர்; உண்மைதான், இல்லை. அவ்வின்பம் வேண்டுவோர் நிலத்துக்குரியவரிடம் முதலிற் சென்று கேட்கட்டும். இன்ன விளையாட்டிற்குரியதெனப் பெட்டியின் மேலே யாவருக்கும் விளங்க எழுதி வைக்கட்டும்.