பயணம் புறப்படுமுன் வானிலை அறிவிப்பை வாசிப்போம்



அரையாண்டு விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய பிள்ளைகள் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் ஊர் திரும்புவதும், நிக்காஹ் வைபவங்களுக்கு நாள் குறிப்பதும் பெரும்பாலும் டிசம்பரில்தான். வடகிழக்குப் பருவமழை நம் கரையில் நின்று விளையாடுவதும் அதே மாதத்தில்தான். ஆகவே பெட்டி கட்டுமுன் வானிலை அறிவிப்பைச் சற்று நிதானமாக வாசிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

"மழை எப்போது பெய்யும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான், இவர்கள் சொல்வதை நம்பலாமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. மறைவானவற்றின் ஞானம் அவனுக்கே உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் காற்றையும் மேகத்தையும் கவனித்து, இன்னது நேரக்கூடும் என்று கணிப்பது மறைவான ஞானத்தைக் கோருவதாகாது. நம் முன்னோர் அதைச் செய்துதான் பிழைத்தார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிலாபத்துக்குத் தேர்ந்தெடுத்த பருவம் மார்ச் முதல் மே வரையிலான மாதங்கள். வாடை அடங்கி, கச்சான் காற்று கிளம்புமுன் கடல் தெளிந்து கிடக்கும் இடைவெளி அது. அதிலும் பருவம் வந்துவிட்டது என்பதற்காகத் தோணியை இறக்கிவிடவில்லை. முன்னதாகப் பார்களில் ஆளிறக்கி, சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, முத்தின் தரத்தை மதிப்பிட்ட பிறகே சிலாபம் அறிவிக்கப்பட்டது. பருவத்தைக் கணிப்பது ஒன்று, களத்தின் நிலையைப் பார்ப்பது இன்னொன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியன்று.

இனி அறிவிப்பின் சொற்களுக்கு வருவோம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் "கனமழை", "மிக கனமழை", "அதி கனமழை" என்று கேட்கும்போது, செய்தி வாசிப்பவர் அழுத்தத்துக்காகச் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றுக்கு அளவு வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. திங்கட்கிழமைக் கணக்கில் வரும் மழை பெரும்பாலும் ஞாயிறு பகலிலும் இரவிலும் பெய்ததாக இருக்கலாம்.

"ஓரிரு இடங்களில்" என்ற சொல்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. மழை அளவிடப்படும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்கள் என்பதே அதன் பொருள். மழை இலேசாக இருக்கும் என்று அது சொல்லவில்லை. அந்த ஓரிரு இடங்களில் நம் ஊர் அடங்காது என்றும் அது சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே 70 செ.மீ.க்குக் குறைவு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 95 செ.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 88 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏழு! ஒரு வீட்டு மாடிக்கு மட்டும் இவ்வளவு.

அன்று புயல் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் சூட்டப்பட்ட புயல் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணியிருந்தோம். குமரிக்கடல் பகுதியில் நிலவிய வெறும் மேலடுக்குச் சுழற்சிதான் இவ்வளவையும் கொட்டிச் சென்றது. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று பின்னர் சர்ச்சையும் எழுந்தது. அது ஒருபுறம் இருக்க, அளவுகோலிலேயே ஒரு குறை உண்டு. "அதி கனமழை" என்ற படிக்கு மேல் எல்லை கிடையாது. 21 செ.மீ.யும் அதே சொல்தான், 95 செ.மீ.யும் அதே சொல்தான். ஆகையால் சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டால், "போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள்" என்று ஒப்பிடுவதில் பயனில்லை.

துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியும் குழப்பம் உண்டு. "தூத்துக்குடியில் ஒன்றாம் எண் கூண்டு" என்றதும் பயணத்தைக் கைவிடுவோர் உண்டு. ஒன்றும் இரண்டும் தொலைவில், ஆழ்கடலில் உருவானதைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பவை. ஐந்து முதல் பத்து வரை அபாயம், பெரும் அபாயம். புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கரை கடக்கும் என்பதற்கேற்ப எண் மாறும். பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவையெல்லாம் கப்பல்களுக்குச் சொல்லும் சேதி. சாலைப் பயணிக்கு மழையின் அளவை இவை சொல்வதில்லை.

இலங்கையில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல், பருவமழையை முன்னிட்டு அதே மாதம் 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடத் தொடங்கியது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். கடல் வழிப் பயணத்தை மழை மாதங்களில் திட்டமிடுவோர் விமானத்துக்கும் பணம் ஒதுக்கி வைப்பது நல்லது.

கோடையிலோ வேறொரு கவலை. காற்றும் இல்லாமல், மழையும் இல்லாமல், தொலைவிலுள்ள தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலைகள் நம் கரையில் திடீரென உயர்ந்து வீசும். கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை உள்ள நாளில் வானம் தெளிவாக இருக்கிறதே என்று பிள்ளைகளைக் கரையில் இறக்காதீர்கள்.

மீண்டும் 2023-க்கே வருகிறேன். 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். பெரும்பாலோர் 19-ஆம் தேதிதான் மீண்டார்கள். மழை குறைந்த பின்னரும் தாமிரபரணியில் மேற்கேயிருந்து நீர் வந்துகொண்டே இருந்தது, குளங்கள் உடைந்தன, ஏரல், ஆத்தூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. எனவே ஊரிலிருக்கும் ராத்தாவிடமோ சாச்சாவிடமோ தொலைபேசியில் பேசும்போது, "மழை விட்டுவிட்டதா?" என்று மட்டும் கேட்டு வண்டியைக் கிளப்பாதீர்கள். குளத்து மறுகாலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, ஆற்றுப் பாலத்தில் பேருந்து ஓடுகிறதா என்று கேளுங்கள்.