கல்லெழுத்தும் கால்வலியும்

அக்டோபர் 21 வந்தால் காவலர் திடல்தோறும் துப்பாக்கிகள் தலைகவிழும். ஊதுகொம்பு உருகி ஒலிக்கும். மலர்வளையம் வைத்து மந்திரிமார் நிமிர்ந்து நிற்பர். 1959-இல் லடாக்கிலே, ஹாட் ஸ்பிரிங்ஸில், சீனப் படையின் குண்டுகளுக்கு இரையான பத்துக் காவலரின் நினைவுநாள் அது. போற்றத்தக்க நாள்தான், மறுப்பாரில்லை. 2018-இல் தில்லியிலே தேசியக் காவலர் நினைவகத்தையும் திறந்தார்கள். பல்லாயிரம் பெயர்களைக் கல்லிலே பொறித்தார்கள். செத்தவனுக்குக் கல் கிடைத்தது. சாகாமல் நொண்டுகிறவனுக்கு?

குண்டு பாய்ந்தால் காயம், கல் பட்டால் காயம் என்று ஏடு ஒப்புக்கொள்கிறது. நாற்சந்தி வெயிலில் நின்று நின்று நரம்பு சுருண்ட கால், வண்டிப்புகையை விழுங்கி விழுங்கி இளைத்த நெஞ்சு, இரவெல்லாம் விழித்ததால் ஏறிய இரத்த அழுத்தம் - இவை எந்தக் கணக்கில்? "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்பர். நாற்பதிலேயே முதுமையாம்!

1861-இல் வெள்ளையன் வகுத்த காவற்சட்டத்தின் 22-ஆம் பிரிவு, காவலன் எந்நேரமும் பணியில் இருப்பவனாகவே கருதப்படுவான் என்கிறது. வேலை வாங்குவதற்கு அந்தப் பிரிவு! முழங்கால் தேய்ந்தவன் மனுவோடு வந்து நின்றாலோ, "இது பணியால் நேர்ந்ததுதான் என்று மெய்ப்பித்துக் காட்டு" என்பது விதி. என்னே நியாயம்!

1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என வரம்பு கட்டியது. காவலர் வேலை பற்றி 2019-இல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி ஆய்வகமும் வெளியிட்ட அறிக்கையோ சராசரி 14 மணி நேரம் என்றது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வார ஓய்வே இல்லை என்றது. சங்கம் அமைத்துக் கேட்கலாமே என்பீர். முன் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேரலாகாது என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வாயை அடைத்துவிட்டது.

"தடியெடுத்து அடிக்கிறவனுக்கா பரிந்து பேசுகிறீர்?" என்று சீறுவோர் உண்டு. அடிபட்டவர்களின் சீற்றம் அது. அதை நாம் அறிவோம். ஆயினும், பதினான்கு மணி நேரம் சோறும் தூக்கமுமின்றி நின்றவன் கையிலே தடி எவ்வளவு பொறுமையாக இருக்கும்? நிற்க வைத்தவர் குளிர் அறையிலே அமர்ந்திருக்கிறார். அவரையல்லவா கேட்க வேண்டும்!

பிரிட்டனிலும் 1974-இன் தொழிற் பாதுகாப்புச் சட்டம் காவலரைத் தள்ளியே வைத்தது. "அவர் ஊழியர் அல்லர், பதவி வகிப்பவர்" என்று சொற்சிலம்பம் ஆடினர். 1997-இல் தனிச்சட்டம் இயற்றித் திருத்திக்கொண்டனர். 1861-ஐ நம் தலையில் கட்டியவனே திருந்தினான், நாம் கட்டியழுகிறோம்!

எந்நேரமும் பணி என்பது சட்டமாயின், பணியிலே தேய்ந்த உடலும் பணிக்காயமே. இல்லையென்பார் இருந்தால், மெய்ப்பிக்கும் சுமையை அவரே, அந்த அரசே, சுமக்கட்டும்.