கொடையும் கூலியும்

கொடுப்பவரைப் போற்றுவது தமிழர் மரபு. முல்லைக்குத் தேர் தந்தான் பாரி என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்த மக்கள் நாம். கொழுகொம்பின்றித் தவித்தது கொடி; வழியே வந்த மன்னன் தேரை நிறுத்தினான்; தேரைக் கொடிக்கே விட்டுவிட்டு நடந்து போனான். கேட்கக் கேட்க நெஞ்சு நெகிழ்கிறது! ஆனால் தோழர்களே, ஆலையிலும் அச்சகத்திலும் துறைமுகத்திலும் பாடுபடும் உங்களுக்கு, இந்தக் கதையைக் கேட்டதும் இன்னொரு கேள்வியும் எழவேண்டும். அந்தத் தேரைச் செய்த தச்சன் யார்? அச்சாணி அடித்த கொல்லன் யார்? அவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டதா?

பாரி கொடுத்துத்தான் இருப்பான். தச்சனுக்குப் பாக்கி வைத்துவிட்டுக் கொடிக்குத் தேர் தந்திருந்தால், அவனை வள்ளல் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இந்த ஒரு கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு, கடல் கடந்து சென்று, இன்றைய வள்ளல் ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

வாணிபக் கல்லூரியில் பயின்று பெரும் பொருள் ஈட்டியவர்கள், பின்னாளில் படித்த கல்லூரிக்கும் பிறந்த ஊருக்கும் வாரி வழங்குவது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. பழைய மாணவர் மாளிகை எழுப்புவார். வாயிலில் அவர் பெயர் பொறிக்கப்படும். புதிய மாணவர் முன் நின்று, நான் உயர்ந்த வழி இது, நீங்களும் உயருங்கள் என்று பேசுவார். அந்த வரிசையில் முன்னே நிற்பவர் ஃபில் நைட். நைக்கி என்னும் காலணி நிறுவனத்தைத் தொடங்கியவர்.

அவர் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. முதலில் அதைச் சொல்லுவோம்.

1938-இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் பிறந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. தந்தை வழக்கறிஞராக இருந்து, பிறகு பத்திரிகை நடத்தியவர். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பௌவர்மன் என்னும் பயிற்சியாளரிடம் ஓட்டம் பழகினார். பிறகு ஸ்டான்ஃபோர்டு வாணிபக் கல்லூரியில் சேர்ந்து 1962-இல் பட்டம் பெற்றார். அங்கே வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மானியக் காமிராக்களை ஜப்பானியக் காமிராக்கள் சந்தையில் வென்றுவிட்டனவே, அதுபோல ஜெர்மானியரின் ஓட்டக் காலணிகளை ஜப்பானியக் காலணிகள் வெல்ல முடியாதா என்பதே அவர் எழுப்பிய வினா. உடன் படித்தவர்கள் அக்கறையின்றிக் கேட்டார்கள்.

பிறர் என்ன செய்திருப்பார்கள்? மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு கட்டுரையைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். இவரோ கட்டுரையைக் கப்பலேற்றிவிட்டார்! 1962-லேயே ஜப்பான் சென்று, கோபே நகரில் ஒனிட்சுகா என்ற காலணி நிறுவனத்தின் வாயிலில் நின்றார். எந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறீர் என்று கேட்டார்கள். நிறுவனம் ஏது? நின்ற இடத்திலேயே ஒரு பெயரைச் சூட்டிச் சொன்னார். ஊர் திரும்பி, 1964-இல் தன் பழைய பயிற்சியாளரையே கூட்டாளியாக்கி, ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொழில் தொடங்கினார்.

உடனே மாளிகை எழுந்துவிடவில்லை. கணக்கர் வேலை பார்த்தார். கல்லூரியில் கணக்கியல் கற்பித்தார். மிஞ்சிய நேரத்தில், ஓட்டப் பந்தயம் நடக்கும் திடல்களுக்குக் காரை ஓட்டிச் சென்று, காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக் காலணி விற்றார். முதல் ஆண்டில் விற்றது ஏறத்தாழ 8,000 டாலருக்கு. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தபடியே ஐந்தாண்டு வளர்த்தார்.

கூட்டாளி பௌவர்மனோ கையால் செய்து பார்க்கும் மனிதர். நம் வீட்டுப் பணியாரச் சட்டி போல, அவர்கள் வீட்டில் கட்டம் கட்டமாகப் பலகாரம் சுடும் இரும்பு அச்சு ஒன்று உண்டு. 1971-இல் அதிலே ரப்பரை ஊற்றினார் அந்தக் கிழவர். மனைவியின் அச்சு பாழாயிற்று, காலணிக்குப் புதிய அடிப்பாகம் கிடைத்தது!

படித்ததைச் செய்து பார். நெடுநாள் பொறுத்து நில். கைத்தொழில் தெரிந்தவனைச் சரிசமமாகச் சேர்த்துக்கொள். நல்ல பாடங்கள். இந்தப் பாடங்களைக் கற்றுக்கொள்ள நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

அதே 1971-இல் நிறுவனத்துக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. கரோலின் டேவிட்சன் என்ற ஓவிய மாணவி, இன்று உலகமே அறிந்த அந்த வளைந்த கோட்டை வரைந்து கொடுத்தார். பெற்ற கூலி 35 டாலர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1983-இல், நிறுவனம் அவரை அழைத்துச் சிறப்புச் செய்தது. அந்தச் சின்னத்தின் வடிவில் மோதிரம் அணிவித்தது. நிறுவனத்தின் பங்குகளையும் தந்தது. பாராட்டுவோம்! கோடு வரைந்த கையை மறவாத நன்றி அது.

ஆனால், தோழர்களே, கோடு வரைந்த கை ஒன்றுதான். காலணி தைத்த கைகளோ பல்லாயிரம். அந்தக் கைகளுக்கு என்ன கிடைத்தது?

இந்த வாணிபத்தின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலணிக்கு வடிவம் அமெரிக்காவில், விளம்பரம் அமெரிக்காவில், இலாபம் அமெரிக்காவில். தைப்பது மட்டும் வேறு நாட்டில், வேறொருவர் ஆலையில். முதலில் ஜப்பான். பிறகு தென் கொரியா, தைவான். அங்கே கூலி உயர்ந்ததும் இந்தோனேசியா, சீனா, வியத்நாம். தண்ணீர் பள்ளத்தை நாடும். ஆர்டர் குறைந்த கூலியை நாடும்!

1992-இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் மாத இதழ், இந்தோனேசியப் பெண் தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டை அப்படியே அச்சிட்டுக் காட்டியது. மணிக்கு 14 சென்ட்! ஒரு டாலரில் ஏழில் ஒரு பங்கு! அந்தக் காலணியை அணிந்து விளம்பரத்தில் தோன்றிய வீரருக்குக் கொட்டிக் கொடுத்ததையும் அந்தச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது உலகம்.

1997 மார்ச் 8, உலக மகளிர் நாள். வியத்நாமில் நைக்கிக்குக் காலணி செய்யும் ஆலை ஒன்றில், விதிப்படியான காலணி அணிந்து வரவில்லை என்று 56 பெண்களை வெயிலில் ஆலையைச் சுற்றி ஓடவிட்டார்கள். 12 பேர் மயங்கி விழுந்தார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். ஓட்டக்காரருக்குக் காலணி தைத்தவள், காலணிக்காக ஓடி விழுந்தாள்! கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள், நடந்தது இது. அவ்வாண்டு நவம்பரில் இன்னொரு செய்தி வெளிவந்தது. நிறுவனமே அமர்த்திய தணிக்கையாளர் எழுதிய அறிக்கை அது. வியத்நாம் ஆலை ஒன்றில், பசையிலிருந்து கிளம்பும் நச்சு ஆவி அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைப் பன்மடங்கு தாண்டியிருந்தது என்றும், தொழிலாளர் பலர் மூச்சு நோயால் துன்புற்றனர் என்றும் அதில் இருந்தது.

தொடக்கத்தில் நிறுவனம் என்ன சொல்லிற்று? ஆலை எங்களுடையதல்ல என்றது. கேட்டீர்களா நியாயத்தை! சின்னம் எங்களுடையது, சிறப்பு எங்களுடையது, இலாபம் எங்களுடையது. தைப்பவள் மட்டும் எங்களுடையவள் அல்ல!

எதிர்ப்பு ஓயவில்லை. தொழிற்சங்கத்தார் பேசினர், பத்திரிகையாளர் எழுதினர், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மறியல் செய்தனர். கடைசியில் 1998 மே 12 அன்று, வாஷிங்டனில் பத்திரிகையாளர் மன்றத்தின் மேடையில் ஃபில் நைட் நின்றார். அடிமைக் கூலி, கட்டாய மிகைநேர வேலை, மனம்போனபடி கொடுமை ஆகியவற்றுக்கே தங்கள் சரக்கு மறுபெயராகிவிட்டது என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவரைப் புதிதாகச் சேர்ப்பதில்லை, காற்றுத் தூய்மையில் அமெரிக்க அளவைப் பின்பற்றுவோம், வெளியாரைக் கொண்டு சோதனை செய்வோம், தொழிலாளர் கல்விக்கு உதவுவோம் என்று வாக்களித்தார்.

பெரிய முதலாளி ஒருவர் மேடையேறி இதைச் சொல்வது அரிது. அந்த நேர்மையை மதிப்போம். ஆனால், அந்த வாக்குறுதிப் பட்டியலில் வயது இருந்தது, காற்று இருந்தது, கல்வி இருந்தது. கூலி உயர்வு இல்லை என்பதை அன்றே பலர் சுட்டிக் காட்டினர். 2005-இல் இன்னொரு படி ஏறினார்கள். தங்கள் சரக்கைச் செய்யும் 700-க்கு மேற்பட்ட ஆலைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். கேட்டதால் கிடைத்தது; கேளாதிருந்தால் பூட்டிய பெட்டியிலேயே இருந்திருக்கும்.

வேடிக்கை என்ன தெரியுமா? 2000-இல் ஹார்வர்டு வாணிபக் கல்லூரி, நைக்கியின் தொழிலாளர் சிக்கலையே பாடமாக எழுதி வகுப்பில் வைத்தது. அப்படியானால் அந்தப் பாடத்தின் ஆசிரியர் யார்? பேராசிரியரா? இல்லை! சம்பளச் சீட்டைக் காட்டிய இந்தோனேசியப் பெண். வெயிலில் விழுந்த வியத்நாம் பெண்கள்! வாணிபக் கல்லூரிக்குப் பாடம் சொன்னவர்கள் வாணிபக் கல்லூரியின் வாசலையும் மிதிக்காதவர்கள்.

இனிக் கொடையைப் பார்ப்போம். 2006-இல் ஸ்டான்ஃபோர்டு வாணிபக் கல்லூரிக்கு ஃபில் நைட் அளித்தது 10 கோடியே 50 இலட்சம் டாலர். 2011-இல் அவர் பெயரிலேயே புதிய வளாகம் திறக்கப்பட்டது. 2016-இல் அதே பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர் மேற்படிப்புப் பயில 40 கோடி டாலர் அறிவித்தார். பழைய ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கும் பெருந்தொகை. 2025 ஆகஸ்டில் போர்ட்லண்டு நகரின் புற்றுநோய் மருத்துவ நிலையத்துக்கு அவரும் மனைவியும் அறிவித்தது 200 கோடி டாலர்!

புற்றுநோய்க்கு மருந்து தேடும் பணத்தைப் பழிக்க நமக்கு வாய் வராது. படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்ததையும் பழிக்கமாட்டோம். கொடை பெரிது, கொடுத்த மனமும் பெரிது. ஆனால், பெயர் சொல்லிப் பேசப்படும் அந்தப் பெருங்கொடைகள் நிற்கும் இடங்களைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு, ஓரிகன், போர்ட்லண்டு! பொருள் விளைந்த வயல் ஒரு பக்கம். பொங்கல் வைத்த வாசல் வேறு பக்கம்.

அவரும் இதை எண்ணாமலில்லை. 2016-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார். பெயர் குறிப்பிடாத ஒரு நாட்டில் கூலியை உயர்த்த முயன்றார்களாம். அந்நாட்டு உயர் அதிகாரி அழைத்துத் தடுத்தாராம். காலணித் தொழிலாளி மருத்துவரைவிட அதிகம் வாங்கினால் நாட்டின் பொருளாதாரமே குலைந்துவிடும் என்றாராம்.

நல்ல பொருளாதாரம்! மருத்துவரின் ஊதியம் குறைவென்றால் அதை உயர்த்துவதல்லவா வழி? உயரமானவன் பக்கத்தில் குட்டையானவன் நிற்கிறான் என்பதற்காக, உயரமானவனின் காலை வெட்டுவதா? சரி, கூலிக்குத்தான் அதிகாரி குறுக்கே நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் மருத்துவமனை கட்டவும், தைப்பவளின் மகளைக் கல்லூரிக்கு அனுப்பவும், ஸ்டான்ஃபோர்டில் எழுந்ததுபோல ஒரு கட்டடம் அங்கே எழுப்பவும் எந்த அதிகாரி குறுக்கே நின்றிருப்பார்?

இதை எங்கோ உள்ளவர்களின் கதை என்று விட்டுவிடாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில், தைவான் நாட்டு நிறுவனத்தின் ஆலையில், நம் வீட்டுப் பெண்கள் பெருந்தொகையினர் நைக்கிக்குக் காலணி தைக்கிறார்கள். குறைந்த கூலியைத் தேடி வந்த அதே பாதை இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலை வந்தது நல்லது. வந்த வேலையோடு கேள்வியும் வரவேண்டும்: மணிக்கு என்ன கூலி? மிகைநேரத்துக்கு என்ன? காற்று எப்படி? ஆலையின் பெயர் பட்டியலில் இருந்தால், இதைக் கேட்கும் உரிமை உலகில் எவருக்கும் உண்டு. நமக்கு இல்லாமலா போகும்?

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளும் இன்று வாணிபக் கல்லூரிக்குப் போகிறார்கள். திருச்சியிலேயே 2011 முதல் இந்திய மேலாண்மைக் கழகம் நடக்கிறது. சுமை தூக்கியவன் மகனும் தறி ஓட்டியவள் மகளும் அங்கே போகட்டும், நைட்டைப்போல் துணிந்து தொழில் தொடங்கட்டும், உயரட்டும். உயர்ந்தபின் கல்லூரியிலிருந்து கடிதம் வரும், பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு வரும், மாலை வரும். கொடுக்கட்டும்! ஆனால், சரக்கைத் தைத்தவளிடமிருந்து கடிதம் வராது. அவளுக்கு முகவரி தெரியாது. முதலாளி பெயரும் தெரியாது. வராத அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவனே படித்தவன். இதை அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். அங்கே உள்ள பாடப் புத்தகத்தில் இது பிந்தித்தான் வரும். 1992-இல் கிளம்பிய குரல் 2000-இல்தானே பாடமாயிற்று!

கொடை, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இன்று வரும், நாளை நின்றுபோகும். கூலி, உழைத்தவர் உரிமை. மனத்தைப் பொறுத்ததல்ல, கணக்கைப் பொறுத்தது. கணக்கியல் கற்பித்த ஃபில் நைட்டுக்கு இது தெரியாததல்ல: கடனைத் தீர்த்த பிறகு மிஞ்சுவதே சொந்தப் பணம். உழைத்தவரின் கடன் தீர்க்கட்டும் முதலில். பிறகு கொடுக்கும் கொடைக்கு, நாமே முன்வரிசையில் நின்று கைதட்டுவோம்.