கப்பலேறிய பல்லி

போன வாரம் என் தோளில் ஒரு பல்லி விழுந்தது. வீட்டுக்காரி உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பல்லி விழும் பலன் பார்த்தாள். எனக்கு நல்ல பலன்தானாம். நம் பல்லி போய் இறங்கிய ஊர்களில் அங்குள்ள பல்லிகளுக்கு என்ன பலன் கிடைத்தது என்பதை இன்று எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மொரீசியஸ் பற்றிப் பிரெஞ்சில் ஏதாவது கிடைத்தால் இன்றும் விடமாட்டேன். நம் சனங்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தீவு அது. நம் சுவர்ப் பல்லியும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தது. மரப்பெட்டியில் ஒரு இடுக்கு போதும் அதற்கு. முட்டை ஓடும் கெட்டியானது, பயணத்தைத் தாங்கும்.

அந்த மண்ணுக்கே உரியது ‘நாக்டஸ்’ என்ற சிறு பல்லி. அதன் விரலடியில் சுவரைப் பற்றும் பட்டை கிடையாது. நம் பல்லியோ வழுவழுப்பான சுவரிலும் ஓடும், சண்டைக்கும் நிற்கும். நல்ல இடுக்குகளை இது பிடித்துக்கொள்ள, நாக்டஸ் வெளியே தள்ளப்பட்டது. வெளியே எலியும் பூனையும் காத்திருந்தன. இன்று பெரிய தீவில் நாக்டஸ் இல்லை. சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

பசிபிக் தீவுகளிலும் இதே கதைதான். 1993-ல் கென்னத் பெட்ரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. சுவர் விளக்கடியில் பூச்சிகள் குவியும் இடத்தில்தான் நம் பல்லியின் கை ஓங்குகிறது. விளக்கைப் போட்டது பல்லியா? மனிதன்தானே!

ஏரியில் சீமைக்கருவேலம், வயலில் பார்த்தீனியம் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்று திட்டுகிறோம். நம் வீட்டுப் பல்லி அடுத்தவர் ஊரில் அதே வேலையைச் செய்திருக்கிறது. அதற்காகப் பல்லியை அடிக்க வேண்டாம். இது அதன் சொந்த ஊர். கொசுவைத் தின்று நமக்கு உபகாரம்தான் செய்கிறது.

மொரீசியஸை ஒட்டிய ரவுண்ட் தீவுக்குப் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளைப் பிரித்துச் சோதிக்கிறார்கள். ஒரு பல்லிக்காகவா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதுதான் சரி என்பேன். ஓசூர்ச் சரக்கும் கிருஷ்ணகிரி கிரானைட்டும் கடல் தாண்டிப் போகின்றன. பெட்டியை மூடுமுன் ஒருமுறை தட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? நம் பாறைக் குன்றுகளிலும் இருட்டை நம்பி வாழும் உயிர்கள் உண்டு. அங்கே விடியவிடிய எரியும் வீண் விளக்கையாவது அணைக்கலாம்.