ஐந்து புள்ளிக்கு ஒரு பானை

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். வகுப்பறைச் சுவரில் மாணவர் வரைந்த பானைகள் வரிசையாகத் தொங்கின. பாரம்பரிய மட்பாண்டக் கைத்தொழில் பற்றிய பாடமாம். ஒரு சிறுமியின் கொப்பியைப் புரட்டினேன். களிமண் எடுத்தல், பிசைதல், சக்கரத்தில் வனைதல், உலர்த்தல், சூளையில் சுடுதல். படிக்கு ஒரு புள்ளியாக ஐந்துக்கு ஐந்து பெற்றிருந்தாள்.

"களிமண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா, மகள்?"

ஆசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க சேர்" என்றாள்.

அந்த ஐந்து படிகளில் முக்கியமான ஒன்று இல்லவே இல்லை. நமது வட்டாரப் பானை சக்கரத்தில் முழுமை பெறுவதில்லை. வாயும் கழுத்தும் தோளும் அங்கே அமையும். நூலால் அறுத்து இறக்கும்போது அடி திறந்தே கிடக்கும். சற்று இறுகவிட்டு, உள்ளே ஓர் உருண்டைக் கல்லை ஏந்தி, வெளியே மரப்பலகையால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், வயிறு பெருக்கும். மூன்று அடுப்புக் கற்களின்மேல் பானை ஆடாமல் அமர்வது இந்த உருண்டை அடியால்தான். மண்ணில் மணல் கலப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் களி உலரும்போது சுருங்கி வெடித்துவிடும். சிறுமி வரைந்த பானையோ தட்டையான அடியுடன் மேசைமேல் நின்றது. அவளை எப்படிக் குறை சொல்வது?

மட்பாண்டம் என்றதும் விழா எடுக்கக் கிளம்பும் கூட்டம் ஒன்றுண்டு. தைப்பொங்கலுக்கு ஒரு முதிய குயவரை மேடையேற்றுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் பத்திரிகைக்கு வரும். பிள்ளைகள் தூர நின்று கைதட்டுவார்கள். பிறகு அலுமினியப் பானையில் பொங்குவார்கள். அத்தகைய படங்களை நானும் எத்தனையோ பிரசுரித்திருக்கிறேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

பெற்றோரின் எதிர்ப்பு வேறு வகையானது. நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. "கொழுந்துக் கூடையிலிருந்து பிள்ளையை மீட்கப் பாடுபடுகிறோம், நீங்கள் கையில் மண்ணைக் கொடுக்கிறீர்களே?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான அச்சம். 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளைப் பாதி நேரம் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது ஒழிந்தது. ஒழிந்தது நன்றே. ஆனால் நான் கேட்பது அதன் நேர்எதிர். குயவர் பிள்ளைக்கு மட்டும் சக்கரம் என்றால் அது குலக்கல்வி. கணக்கப்பிள்ளையின் மகனும் அதிபரின் மகளும் அதே களியை மிதிக்கட்டும் என்கிறேன். இழவு வீட்டுக் கொள்ளிக்குடத்துக்கு மட்டும் குயவரைத் தேடும் சமூகத்தில் அது சிறிய காரியமன்று.

ஊவாவில் மண்ணை அறிவது பொழுதுபோக்குமன்று. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. களிமண் பிசைந்தால் மண்சரிவு நின்றுவிடும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஆனால், நிமிர்ந்து நிற்கும் களி இன்னொரு கைப்பிடி நீரில் உருக்குலைந்து சரிவதைத் தன் கையால் உணர்ந்த பிள்ளை, லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் புதிதாக நீர் கசிந்தால் வேறு கண்ணோடு பார்க்கும். அந்த அறிவை எந்தக் கொப்பிக் குறிப்பும் கொடாது.

பதுளைச் சந்தையில் சட்டி பானை விற்கும் சிங்களக் கிராமத்து முதியவர் ஒருவரை நான் அறிவேன். அவருக்குத் தமிழ் ஓரளவே வரும். மண்ணின் பதம் பார்க்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஒரு தவணை முழுதும் வாரம் ஒருநாள் அவரை அழையுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள், பொன்னாடைக்குப் பதில் நாட்கூலிக்குக் குறையாத ஊதியம் கொடுங்கள். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும். சூளை அப்போது ஆறாது. மறுநாள்தான் திறக்க முடியும். சில பானைகள் வெடித்திருக்கும். ஏன் வெடித்தன என்பதே அன்றைய பாடமாகட்டும்.

இதையெல்லாம் அதிபரிடம் சொன்னேன். "சூளைப் புகைக்குத் தோட்டத்தில் அனுமதி தருவார்களா, சேர்?" என்று தயங்கினார். இருபது பெற்றோர் ஒப்பமிட்டுக் கேட்டுப் பார்க்கட்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.