கொத்தளம்

சிறுசேரிக்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ளது கோவளம். முன்னாளில் அங்கு ஒரு கோட்டை இருந்தது. 1752ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவ் அதனைக் கைப்பற்றி, அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் கைக்கொண்டார். தெற்கே சென்றால் சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையும், அதற்கும் அப்பால் ஆலம்பரைக் கோட்டையும் சிதைந்து நிற்கக் காணலாம். இத்துணைக் கோட்டைகளைக் கண்ட நிலப்பகுதியிலும், ‘கோட்டை கொத்தளம்’ என்னும் தொடரில் கொத்தளம் யாது என வினவினால் விடை கூறுவோர் சிலரே.

‘வீடு கீடு’ என்பதில் கீடு என்பதற்குப் பொருள் இல்லை; அது வெறும் எதிரொலி. கொத்தளமும் அத்தகையதே எனப் பலர் எண்ணிவிட்டனர். இது பிழை. ‘தோட்டம் துரவு’ என்பதில் துரவு என்பது கிணறு. ‘காடு கழனி’ என்பதில் கழனி என்பது வயல். அவ்வாறே கொத்தளமும் தனிப்பொருள் உடைய சொல். கோட்டை மதிலினின்று வெளியே புடைத்து நிற்கும் காவல் மேடையே கொத்தளம். கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் வழங்குகின்றது.

நேரே ஓடும் மதிலின்மேல் நிற்கும் வீரன், அம்மதிலின் அடியில் ஒட்டி நிற்கும் பகைவனைக் காண இயலாது. காண வேண்டின் தன் தலையை வெளியே நீட்ட வேண்டும். மதில் இடையிடையே புடைத்து நின்றாலோ, அப்புடைப்பில் நிற்போர் மதிலின் பக்கங்களை நெடுகிலும் காணலாம். ஏணி சார்த்தி ஏறுவோரைப் பக்கவாட்டில் தாக்கலாம். பீரங்கி வந்தபின் கொத்தளத்தின் தேவை பன்மடங்கு பெருகிற்று.

1758ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவருடைய பீரங்கிகள் குறிவைத்தவை அக்கோட்டையின் வடபுறக் கொத்தளங்களையே. கொத்தளம் வீழ்ந்தால் கோட்டை வீழும் என்பதை அவர் அறிவார். இரண்டு திங்களுக்கு மேல் போர் நீடித்தது. செங்கற்பட்டிலிருந்த ஆங்கிலப் படை, முற்றுகையிட்டோரைப் பின்புறத்திலிருந்து அலைக்கழித்தது. 1759 பிப்ரவரியில் லாலி வெறுங்கையுடன் மீண்டார்.

‘கோட்டை கொத்தளங்களோடு வாழ்ந்தான்’ என்று செல்வப் பெருக்கைக் குறிக்க எழுதுவது வழக்காகிவிட்டது. அவ்வழக்கை அறவே விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் மதில் முழுவதையுமோ கோட்டை முழுவதையுமோ கொத்தளம் என எழுதுவது பொருந்தாது. இச்சொல்லை ஒதுக்கி, ‘ஞாயில்’ முதலிய பழஞ்சொற்களையே ஆள வேண்டும் என்பாரும் உளர். பழஞ்சொற்கள் போற்றத்தக்கனவே, ஆனால் மக்கள் நாவில் உயிரோடு உலவும் சொல்லை, அதன் பொருளை மறந்த குறைக்காகத் தள்ளிவிடுவது முறையன்று.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஆம் நாளில் முதலமைச்சர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றுகின்றார். 1974 முதல் இவ்வழக்கம் நடைபெறுகின்றது. அன்று இச்சொல் தமிழ்நாடெங்கும் ஒலிக்கும். வேலூர்க் கோட்டைக்குச் செல்லும் மாணவர், அகழிக்கரையில் நின்று மதிலை நோக்குக. அது ஒரே கோடாக ஓடாமல் இடையிடையே வளைந்து வெளியே வரும் இடங்களே கொத்தளங்கள்.