நான்கு சீமையார் மனை

செம்பூரில் ஹார்பர் இரயிலேறிக் கோட்டைப் பக்கம் செல்லும் நம்மவர் நாள்தோறும் டாக்யார்டு ரோடு நிலையத்தைக் கடக்கின்றனர். அதற்கு அணித்தே, மஜ்காவில் நவாப் டாங்க் சாலையில், 1919ஆம் ஆண்டில் எழுந்த சீனக் கோவில் ஒன்று உண்டு என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? வெளிப்பார்வைக்கு அது கோவிலாகவே தோன்றாது, பழைய மாடிவீடுதான்.

பெயரும் கோவிற்பெயரன்று. சீ யூப் கூன் என்பர். சீ என்றால் நான்கு, யூப் என்றால் சீமை, கூன் என்றால் கூடும் மனை. தென்சீனத்துக் கான்டன் மாகாணத்தில் தொய்சான், ஹொய்பிங், யன்பிங், சன்வுய் என்னும் நான்கு சீமைகளிலிருந்து கடல்வழி வந்தவர்களுடைய சங்கம் அது. சீனர் குடியேறிய துறைமுகந்தோறும் இத்தகைய மனைகள் எழுந்தன. புதிதாய் வந்தவனுக்கு உறைவிடம், வேலையற்றவனுக்கு ஒரு வேளைச் சோறு, இறந்தவனுக்கு ஈமக்கடன். இவற்றோடு ஒரு தெய்வம். தாராவியில் பிள்ளையார் கோவில் எழுந்த 1913ஆம் ஆண்டும் இதற்கு ஆறே ஆண்டு முந்தியது. பிழைப்புத் தேடி வந்தோர் இருசாராரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வழியைக் கண்டனர்.

மேல்மாடியில் வீற்றிருப்பவர் குவான் குங். கி.பி. 220இல் மாண்ட படைத்தலைவர். நட்புக்கும் சொன்ன சொல்லுக்கும் காவலர். மதுரைவீரனுக்குப் படையலிடும் நமக்கு இது புதிதன்று. கீழே இருப்பவள் அருள் தெய்வமாகிய குவான் யின். பௌத்தர் போற்றும் அவலோகிதரே சீனத்தில் இப்பெண்ணுருக் கொண்டார். அகத்தியர் தமிழ் கேட்டது அந்த அவலோகிதரிடம் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் கூறும். மஜ்காவ் மாடிவீட்டில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது போலும்!

எண்ணிட்ட மூங்கிற்குச்சிகளைக் குலுக்கி, விழுந்த குச்சியின் எண்ணுக்குரிய வாக்கைக் கேட்டறிவது அங்கே வழக்கம். நாம் பூக்கட்டிப் பார்ப்பதைப் போல. ஆனால் 1962இல் வந்த இடரை எந்தக் குச்சியும் தடுக்கவில்லை. எல்லைப் போர் மூண்டதும், இந்நாட்டிலேயே பிறந்தோர் உள்ளிட்ட ஏறத்தாழ மூவாயிரம் சீனர் இராஜஸ்தானத்துத் தேவளி முகாமில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அஸ்ஸாமும் வங்கமும் சார்ந்தவர். பம்பாயிலும் ஐயத்தின் நிழல் விழுந்தது. பல குடும்பங்கள் கடை கட்டிக் கனடா முதலிய நாடுகளுக்குப் போயின. எஞ்சியோர் சில குடும்பத்தாரே. சீனப் புத்தாண்டின் நள்ளிரவில் அந்த மாடிப்படியில் அவர்களைக் காணலாம்.

கோவில் அவர்களுக்கு நாளையும் கோளையும் காத்தது. சீமைப் பெயரைக் காத்தது. மொழியை முற்றும் காக்கவில்லை. சுவரிலுள்ள எழுத்துகளை வாசிக்க இயலாத இளையோர், ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பிவிட்டு இந்தியிலே உரையாடியபடி இறங்குகின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மாதுங்காவில் அருச்சனைச் சீட்டில் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது விழிக்கும் நம் வீட்டுப் பிள்ளையை நானும் கண்டிருக்கிறேன்.

சீனருக்கு அண்டாப் ஹில்லிலே ஓர் இடுகாடு உண்டு; நம்மவர் குடியிருப்புகளுக்கு மிக அருகே. ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் நாளையொட்டி முன்னோர் கல்லறையைத் துடைத்துப் படையலிடுவது அவர்தம் கடன். ஆளின் பெயரோடு அவன் பிறந்த ஊரின் பெயரையும் கல்லில் பொறிப்பது அவர் மரபு.